மரம் அறுக்கும் மெஷின் வாங்குமுன் மரத்தை அளந்து பாருங்கள்

சவுக்குத் தோப்பு வெட்டவும், பட்டுப்போன தென்னையை அப்புறப்படுத்தவும், தரிசில் மண்டிய சீமைக் கருவேலை அழிக்கவும் முன்பெல்லாம் கோடரியும், இருவர் இழுக்கும் ரம்பமும் போதுமானதாக இருந்தன. இப்போது அந்த வேலைக்கு ஆட்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரி, பலா மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளை வீழ்த்தியது. விழுந்த மரத்தைத் துண்டு போட்டு அகற்றினால்தான் மறு நடவு செய்ய முடியும். செயின் சா எனப்படும் மரம் அறுக்கும் மெஷின் எவ்வளவு அவசியம் என்பதை அந்தப் பகுதி விவசாயிகள் அப்போது நன்கு உணர்ந்தார்கள்.

இன்று சிறு நகரங்களில் உள்ள கடைகளிலும் இந்த மெஷின் கிடைக்கிறது. ஆனால் கடையில் நுழைந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி "எத்தனை சி.சி. வேண்டும்?" என்பதுதான். பெரிய இஞ்சினும் நீண்ட பாரும் இருந்தால் நல்ல மெஷின் என்று எண்ணி வாங்கி வருகிறோம். ஓராண்டில் கிளட்ச் தேய்ந்து, பார் வளைந்து, மெஷின் கொட்டகையில் தூங்குகிறது. அதைவிட மோசம், மெஷினுக்குப் பொருந்தாத செயின் அறுந்து ஆளைக் காயப்படுத்துவதும் உண்டு.

கேள்வியை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் மரம், அடுத்து பார், பிறகு இஞ்சின், கடைசியாக செயின். இந்த வரிசையில் முடிவு செய்தால் பணமும் மிஞ்சும், கைகாலும் மிஞ்சும்.

மெஷின் எப்படி அறுக்கிறது?

மெஷினில் முக்கியமானவை மூன்று: சுழலும் இஞ்சின், முன்னால் நீண்டிருக்கும் இரும்புப் பட்டையான பார், பாரின் விளிம்பைச் சுற்றி ஓடும் செயின். செயினின் அடிப்பக்கத்தில் வரிசையாக உள்ள பற்கள் பாரின் பள்ளத்திற்குள் ஓடுகின்றன. இவற்றை 'டிரைவ் லிங்க்' என்பார்கள். இஞ்சினோடு இணைந்த பல்சக்கரம் இவற்றைப் பிடித்து இழுக்கிறது. மேற்புறத்தில் இடது, வலது என மாறி மாறி வெட்டும் பற்கள் உள்ளன.

இந்த வெட்டும் பல்லின் வடிவம் ஒரு புழுவிடமிருந்து கற்றது. அமெரிக்காவில் மரம் வெட்டும் தொழில் செய்த ஜோ காக்ஸ் என்பவர் 1946-ல் ஓர் அடிக்கட்டையில் மரத்துளைப்பான் வண்டின் புழு மரத்தைக் குடைவதைக் கவனித்தார். புழு தன் தாடைகளால் இடதும் வலதுமாகச் சீவிக்கொண்டே, மரத்தின் நாரைக் குறுக்கேயும் நெடுக்கேயும் எளிதாகக் கடந்து சென்றது. அதே மாதிரியில் அவர் அமைத்த செயின் 1947-ல் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் வாங்கும் செயின்கள் பெரும்பாலும் அந்த முறையில் அமைந்தவையே.

இதில் விவசாயிகள் மனதில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மரத்தை வெட்டுவது செயினின் பல். இஞ்சின் அதை ஓட்டுகிறது, அவ்வளவே. பல் மழுங்கியிருந்தால் எவ்வளவு பெரிய இஞ்சினும் பயன்படாது.

மரத்தை அளக்கும் முறை

தோட்டத்தில் அறுக்க வேண்டிய மரங்களில் ஏழெட்டைத் தேர்ந்தெடுத்து, அறுக்கும் உயரத்தில் சணல் கயிற்றைச் சுற்றிச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து கொள்ளுங்கள். அதை 3-ஆல் வகுத்தால் விட்டம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். உண்மையான விட்டம் இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆகவே கணக்கு நமக்குச் சாதகமானதே.

உதாரணமாக, சுற்றளவு 12 அங்குலம் உள்ள சவுக்கின் விட்டம் 4 அங்குலம். 36 அங்குலச் சுற்றளவுள்ள தென்னையின் விட்டம் 12 அங்குலம். 72 அங்குலச் சுற்றளவுள்ள பழைய வேம்பு அல்லது புளிய மரத்தின் விட்டம் 24 அங்குலம்.

பாரின் நீளம் மரத்தின் விட்டத்தைவிட 2 அங்குலமாவது கூடுதலாக இருந்தால் ஒரே பக்கத்திலிருந்து தடையின்றி அறுக்கலாம். அதன்படி தென்னைக்கு 14 முதல் 16 அங்குல பார் போதும். சவுக்குக்கு 12 அங்குலமே தாராளம். நீளம் என்பது பாரின் முழு நீளம் அல்ல. மெஷின் உடலின் முன்விளிம்பிலிருந்து பாரின் மூக்கு வரை வெளியே தெரியும் பகுதியே கணக்கு.

தோட்டத்து ஓரத்தில் ஒரே ஒரு பெரிய புளிய மரம் நிற்கிறது என்பதற்காக 24 அங்குல பார் வாங்க வேண்டியதில்லை. பத்தில் ஒன்பது மரத்துக்கு எது பொருந்துமோ அதையே வாங்க வேண்டும். பழகிய கை உள்ளவர்கள் பாரைவிடப் பெரிய மரத்தையும் இருபுறமிருந்தும் அறுத்து முடிப்பார்கள். அந்த ஒரு மரத்தை அவர்களிடம் கூலிக்கு விடுவதே லாபம்.

பாருக்கு ஏற்ற இஞ்சின்

பாரின் நீளம் முடிவானால் இஞ்சினை முடிவு செய்வது எளிது. பொதுவான அளவு இது:

12 முதல் 14 அங்குல பார் - 30 முதல் 38 சி.சி. வரை
16 அங்குல பார் - 38 முதல் 45 சி.சி. வரை
18 அங்குல பார் - 45 முதல் 55 சி.சி. வரை
20 அங்குல பார் - 55 முதல் 65 சி.சி. வரை
24 அங்குலமும் அதற்கு மேலும் - 70 சி.சி.க்கு மேல்

சி.சி. ஒன்றாக இருந்தாலும் எல்லா மெஷினும் ஒரே சக்தி தருவதில்லை. மெஷினுடன் வரும் புத்தகத்தில் கிலோவாட் அல்லது குதிரைத்திறன் எவ்வளவு என்று போட்டிருக்கும். இரண்டு மெஷின்களை ஒப்பிடும்போது அந்த எண்ணையும், எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாள் முழுவதும் குனிந்து சீமைக் கருவேல் அறுப்பவருக்கு ஒரு கிலோ எடை கூடினாலும் மாலையில் இடுப்பு சொல்லும்.

சிறிய இஞ்சினில் நீண்ட பார் மாட்டினால் என்ன ஆகும்? நீண்ட செயினை இழுக்க இஞ்சின் திணறும். வெட்டுக்குள் செயின் நின்று நின்று ஓடும். கிளட்ச் வழுக்கிச் சூடேறும். பாரின் நுனி வரை எண்ணெய் போதிய அளவு போய்ச் சேராததால் பார் கருகும். விலை குறைந்த மெஷின்கள் பலவற்றில் 58 சி.சி. என்று எழுதி 22 அங்குல பாருடன் விற்கிறார்கள். வைரம் பாய்ந்த மரத்தில் இது சுமை அதிகம். அந்த மெஷினுக்கே 18 அங்குல பாரும் செயினும் கிடைக்குமா என்று கேட்டு வாங்கினால் வேலையும் வேகமாக நடக்கும், மெஷினும் நீடிக்கும்.

மா, கொய்யா, முருங்கை போன்றவற்றில் கவாத்து மட்டும் செய்பவர்களுக்குப் பெட்ரோல் மெஷின் தேவையே இல்லை. 6 அல்லது 8 அங்குல பார் உள்ள பாட்டரி மெஷின் போதும். வீட்டுப் பக்கத்தில் விறகு துண்டு போடுவதற்கு மின்சாரத்தில் ஓடும் மெஷினும் உண்டு. ஆனால் மின்வயரை இழுத்துக்கொண்டு தோப்புக்குள் போவதும், ஈரத்தில் அறுப்பதும் ஆபத்து.

செயினுக்கு மூன்று எண்கள்

செயின் வாங்கும்போது "18 அங்குலச் செயின் கொடுங்கள்" என்று கேட்டால் போதாது. பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும்.

பிட்ச் என்பது செயினின் கண்ணி அளவு. அடுத்தடுத்துள்ள மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம் வரை அளந்து, அதைப் பாதியாக்கினால் பிட்ச் கிடைக்கும். 0.325 அங்குலம், 3/8 அங்குலம் ஆகியவை வழக்கத்தில் அதிகம். பெரிய மெஷின்களில் 0.404 அங்குலம் வரும். 3/8 பிட்சில் சிறிய மெஷினுக்கான தாழ்ந்த செயின் ஒன்றும், பெரிய மெஷினுக்கான சாதாரண செயின் ஒன்றும் உண்டு. எண் ஒன்றானாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடக்கூடாது.

கேஜ் என்பது பாரின் பள்ளத்தில் ஓடும் டிரைவ் லிங்கின் கனம். 0.043, 0.050, 0.058, 0.063 அங்குலம் என நான்கு அளவுகள் உள்ளன. இவை சுமார் 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர். கனமான செயின் ஒடுங்கிய பள்ளத்தில் நுழையாது. மெல்லிய செயின் அகன்ற பள்ளத்தில் நுழைந்துவிடும், ஆனால் ஆடிக்கொண்டே ஓடும். வெட்டு கோணலாகப் போகும், செயின் கழன்று விழும்.

மூன்றாவது, டிரைவ் லிங்குகளின் எண்ணிக்கை. பழைய செயினைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். ஒன்றிரண்டு கூடினாலும் செயின் தொங்கும், குறைந்தாலும் மாட்ட முடியாது.

இந்த மூன்று எண்களும் பெரும்பாலும் பாரின் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். மெஷின் புதிதாக இருக்கும்போதே அவற்றைக் கொட்டகைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்து விடுங்கள். நாளடைவில் பாரில் உள்ள எழுத்து அழிந்துபோகும்.

செயினை இழுக்கும் பல்சக்கரமும், பாரின் மூக்கில் உள்ள சிறு சக்கரமும் அதே பிட்சில் இருக்க வேண்டும். இரண்டு செயின் தேய்ந்ததும் இழுக்கும் பல்சக்கரத்தை மாற்றிவிட வேண்டும். தேய்ந்த சக்கரத்தில் புதுச் செயினை மாட்டினால், சக்கரத்தின் தேய்மானம் செயினுக்கும் தொற்றிக்கொள்ளும்.

நம் மரங்களுக்கு எந்தப் பல்?

செயினின் வெட்டும் பல்லில் இரு வகை முக்கியம். மூலை கூர்மையான சதுரப் பல் வேகமாக வெட்டும். ஆனால் மண்ணும் மணலும் பட்டால் விரைவில் மழுங்கும். மூலை சற்று உருண்ட பல் கொஞ்சம் மெதுவாக வெட்டினாலும், கூர்மை நீடித்து நிற்கும், தீட்டுவதும் சுலபம். கடையில் முன்னதை 'புல் சிசல்' என்றும், பின்னதை 'செமி சிசல்' என்றும் கேட்க வேண்டும்.

நம் ஊர் வேலைக்குப் பெரும்பாலும் செமி சிசலே ஏற்றது. சீமைக் கருவேலை மண் ஒட்டிய தூரோடு அறுக்கிறோம். காய்ந்த வேம்பும் புளியும் கெட்டியானவை. தென்னையில் மற்ற மரங்களுக்கு மாறாக வெளிப்புறமே கெட்டி, உட்புறம் மென்மை. அதன் நார் செயின் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும் என்பதால் அடிக்கடி மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். வேலியோர மரங்களில் பழைய ஆணியும் கம்பியும் பட்டைக்குள் புதைந்திருக்கும். ஒரே ஆணி ஒரு செயினின் பற்களைக் கெடுத்துவிடும். அறுக்குமுன் பட்டையைச் செதுக்கிப் பார்ப்பது நல்லது.

எதை அறுத்தாலும் வெளிவரும் தூளைக் கவனியுங்கள். செதில் செதிலாகச் சீவல் வந்தால் செயின் கூர்மையாக உள்ளது. மாவு போல் தூள் வந்தாலோ, மெஷினை அழுத்தினால்தான் இறங்குகிறது என்றாலோ உடனே நிறுத்தித் தீட்ட வேண்டும். அழுத்தி அறுப்பதால்தான் பாரும் இஞ்சினும் கெடுகின்றன.

தீட்டுவதற்கு உருண்டை அரம் வேண்டும். தாழ்ந்த 3/8 செயினுக்கு 4 மி.மீ. அரம், 0.325 செயினுக்கு 4.8 மி.மீ. அரம், சாதாரண 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. அரம் பொதுவாகப் பொருந்தும். பல்லின் கோணம் பெரும்பாலான செயின்களில் 30 டிகிரி. எல்லாப் பற்களையும் ஒரே அளவாகத் தீட்ட வேண்டும். ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறைந்தும் இருந்தால் வெட்டு வளைந்து போகும். பல்லுக்கு முன்னால் உள்ள சிறு மேடுதான் ஒவ்வொரு பல்லும் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. வேகம் வேண்டும் என்று அதை அதிகமாக அராவிவிட்டால் மெஷின் முரட்டுத்தனமாகக் கடித்து எகிறும்.

உயிர் காக்கும் உறுப்புகள்

பாரின் மூக்கின் மேல்பாதி ஏதேனும் கட்டையில் பட்டால், கண் இமைக்கும் நேரத்தில் மெஷின் எகிறி ஆளின் முகத்தையோ கழுத்தையோ நோக்கித் திரும்பும். இந்த மெஷினால் ஏற்படும் கொடிய விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். பார் நீளமாக இருந்தால் அதன் மூக்கு எங்கே படுகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. தேவைக்கு மேல் நீண்ட பார் வாங்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே விலையைப் பேசுமுன் நான்கு உறுப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முன்கைப்பிடிக்கு முன்னால் உள்ள தட்டைத் தள்ளினால் செயினை உடனே நிறுத்தும் பிரேக், அறுந்த செயினைப் பிடித்து நிறுத்தும் கொக்கி, உள்ளங்கை அழுத்தினால்தான் வேகம் கூட்ட விடும் பூட்டு, கை நடுங்காமல் இருக்க ரப்பர் அல்லது ஸ்பிரிங் தாங்கிகள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த மெஷின் வேண்டாம்.

மெஷினுக்கு ஒதுக்கும் பணத்திலேயே ஹெல்மெட், முகவலை, காது மூடி, தடித்த காலணி ஆகியவற்றுக்கும் ஒரு பகுதி ஒதுக்குங்கள். காலுக்கு, செயின் பட்டால் சிக்கி நிற்கச் செய்யும் நார் வைத்த உறை கிடைக்கிறது. வேட்டி, தோளில் துண்டு, செருப்பு ஆகியவற்றோடு இந்த மெஷினைத் தொடக்கூடாது. தோளுக்கு மேல் தூக்கி அறுப்பதும், ஏணியில் நின்று அறுப்பதும், தனியாகப் போய் அறுப்பதும் கூடாது. மின்கம்பி அருகில் உள்ள மரத்தை மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே தொட வேண்டும். புயலில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து விறைத்து நிற்கும் மரங்களைப் பழக்கமில்லாதவர்கள் அறுக்க வேண்டாம்.

எண்ணெய் இரண்டு

இந்த மெஷினில் இரண்டு டாங்குகள். ஒன்றில் பெட்ரோலும் 2-டி ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எந்த அளவு என்பதை மெஷின் புத்தகத்தில் பார்த்தே கலக்க வேண்டும். வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால் அது ஈரத்தை இழுக்கும். எனவே தேவையான அளவு மட்டும் கலந்து, வேலை முடிந்து நாள்கணக்கில் நிறுத்தும்போது டாங்கைக் காலி செய்து, இஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட்டிவிட வேண்டும்.

மற்ற டாங்கில் ஊற்றுவது செயினுக்கான எண்ணெய். டிராக்டரிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றுவது தவறான சிக்கனம். அதிலுள்ள உலோகத் தூள் எண்ணெய் பம்பையும் பாரையும் தேய்க்கும். பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் இதையும் நிரப்ப வேண்டும். எண்ணெய் வருகிறதா என்று அறிய, பாரின் மூக்கை ஒரு வெளிறிய அட்டைக்கு நேரே, அதில் படாமல் பிடித்து இஞ்சினை முடுக்கினால் அட்டையில் எண்ணெய்க் கோடு விழும். பாரை அவ்வப்போது மேல்கீழாகத் திருப்பிப் போட்டால் இருபுறமும் சமமாகத் தேயும்.

சொந்தமா, வாடகையா?

ஆண்டில் சில நாட்களே வேலை இருப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மெஷின் விலை 20,000 ரூபாய், ஐந்தாண்டு உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,000 ரூபாய். செயின், அரம், பழுது பார்க்க ஆண்டுக்கு 3,000 ரூபாய். ஆக 7,000 ரூபாய். ஆள் கூலி, பெட்ரோல் நீங்கலாக மெஷினுக்கு மட்டும் நாள் வாடகை 500 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 14 நாட்களுக்கு மேல் வேலை இருந்தால்தான் சொந்த மெஷின் கட்டுப்படியாகும். உங்கள் ஊர் விலையையும் வாடகையையும் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்குவதும் நல்ல வழியே. ஆனால் செயின் தீட்டும் பொறுப்பு ஒருவரிடமே இருக்க வேண்டும். மானியம் உண்டா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் வாங்குமுன் விசாரிக்க வேண்டும்.

கடையில் மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மெதுவாக ஓடும்போது செயின் நகரக்கூடாது. பிரேக் தட்டினால் செயின் உடனே நிற்க வேண்டும். கார்புரேட்டர், கிளட்ச், பல்சக்கரம் ஆகியவை அதே ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். உதிரி பாகம் கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவானாலும் நஷ்டமே. மெஷினுடன் கூடுதலாக இரண்டு செயினும், பொருத்தமான அரமும் வாங்கிவிடுங்கள்.

கையில் மெஷின் வந்துவிட்டது என்பதற்காக எந்த மரத்தையும் அறுத்துவிட முடியாது. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. சந்தனம் போன்ற மரங்களுக்கு வனத்துறையைக் கேட்க வேண்டும். இதில் சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் விசாரித்து விடுங்கள்.

கடைக்குப் புறப்படும்போது, தோட்டத்தில் அளந்த மரங்களின் சுற்றளவை ஒரு சீட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். "எத்தனை சி.சி. வேண்டும்?" என்று கடைக்காரர் கேட்டால், அந்தச் சீட்டைக் காட்டிப் பேச்சைத் தொடங்கலாம்.